காலியாக விட்ட கட்டம்

ஏற்காட்டு மலைமேல் கரடியூரில் ஜீப் ஓட்டுகிறவன் நான். அருள்சாமியைச் சேலம் ஆஸ்பத்திரிக்கு இறக்கியதும் நான்தான், உடலாக மேலே கொண்டுவந்ததும் நான்தான். அதற்குப் பிறகு அவர் மகள் ஆஷ்லின் தன் அம்மா தேவகுமாரியோடு பேசவில்லை. நர்சிங் படிக்கிற பெண். “சக்கர வியாதிக்காரருக்கு வெல்லத்தப் போட்டு வரக்காப்பி குடுத்திருக்குது எங்கம்மா” என்று அடக்கத்தன்றே எல்லார் முன்னாலும் சொன்னாள். தேவகுமாரி மறுக்கவில்லை. தன் கையாலேயே புருசனைக் கொன்றுவிட்டதாக நம்பி, சோறு தண்ணி இல்லாமல் கிடந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. சர்க்கரை அளவை அடித்தால் என்ன செய்வதென்று போனில் சொல்லும் ஆப்பைக் கேட்டுத்தான் கொடுத்தேன் என்று அந்த அம்மாள் என்னிடம் ஜீப்பிலேயே அழுதிருந்தார். ஆப்பைச் செய்த கம்பெனிக்குப் போன் போட்டு வாய்க்கு வந்தபடி கத்தினேன். மறுவாரம் அந்தக் கம்பெனியிலிருந்து ஹரிஹரன் என்று ஒரு பையன் வந்து இறங்கினான். ஏற்காடு பஸ் ஸ்டாண்டிலிருந்து அவனை ஏற்றிவந்தேன். வழியில் அவன் வாயைத் திறந்திருந்தால் அடித்திருப்பேன்.

வீட்டில் அவன் தரையில் உட்கார்ந்து, “அன்னைக்கு என்ன நடந்துச்சுங்கம்மா?” என்று கேட்டான்.

“காலையிலயே அவருக்கு நொம்பக் கெறக்கமா இருந்துச்சுங்க. வெரல்ல குத்தி மிஷின்ல ரத்தம் வெச்சேன். எப்பவும் நம்பர் வரும். அன்னைக்கு ரெண்டு இங்கிலீஷ் எழுத்து வந்துச்சு. போன்ல அந்தக் கட்டத்துல நம்பர் மட்டுந்தான் அடிக்க முடியுதுங்க. பொய்யா ஒண்ண எதுக்குப் போடறதுன்னு காலியா உட்டுட்டு அமுக்கினேன்.”

கதவோரம் நின்ற ஆஷ்லின் திரும்பினாள். “எச், ஐ-ன்னா வந்துச்சு?”

“ஆமாங் கண்ணு.”

“அது மிஷின் அளக்க முடியாத அளவுக்கு ஏறிப்போச்சுன்னு அர்த்தம்மா!”

ஹரிஹரன் தன் போனில் அதே ஆப்பைத் திறந்து, கட்டத்தைக் காலியாக விட்டு அமுக்கினான். சிவப்பில் வந்தது: ‘சர்க்கரை அளவு 0. மிகக் குறைவு. உடனே இனிப்பு கொடுத்துக் காத்திருக்கவும்.’

“இதேதானுங்க” என்றார் தேவகுமாரி.

பையன் போனைக் கீழே வைத்தான். “காலியா விட்டா பூஜ்யம்னு எடுத்துக்குதுங்க. அப்படி எழுதினது நாங்க. தப்பு எங்களோடது, உங்களோடது இல்லீங்கம்மா.”

நேருக்கு நேராகச் சொன்னான், அதற்காக அவனை மதிக்கிறேன். கோபம் மட்டும் போகவில்லை. ஆஷ்லின் அம்மாவின் காலடியில் வந்து உட்கார்ந்தாள். “போன்ல இத ஏத்திக் குடுத்தது நானு. உனக்கொண்ணும் தெரியாது, அது சொல்றபடி செய்யின்னு சொன்னதும் நாந்தானேம்மா” என்று விசும்பினாள். தேவகுமாரி அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

ஹரிஹரன் லேப்டாப்பை எடுத்து அங்கேயே ஏதோ தட்டினான். பிறகு தன் போனை நீட்டினான். தேவகுமாரி காலிக் கட்டத்தை அமுக்கி, வந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார்: ‘அளவு தெரியவில்லை. எதுவும் கொடுக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லவும்.’

“இத மாத்தறதுக்கு எத்தன நேரமாச்சு கண்ணு?”

அவன் தலை நிமிரவில்லை. “அஞ்சு நிமிசங்க.”

“நானு அவருக்குத் தெளிஞ்சிருமின்னு பொழுது சாயற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருந்தேன் சாமி” என்றார் தேவகுமாரி.