பாவின்மேல் விழுந்த கதிரவன்

கரிசல் வெடித்துக் கிடக்கும் பரளச்சிப் பரப்பிலிருந்து எழுந்த காற்று, காய்ந்த பருத்திச் செடிகளைச் சலசலக்கச் செய்து, பந்தல்குடிச் சாலையின் புளியமரங்களைத் தழுவி, மாசித் திங்களின் இளங்காலையில் அருப்புக்கோட்டை நெசவாளர் தெருவுக்குள் மெல்ல நுழையும் வேளை அது. ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு. கீழ்க்கடலுக்கு அப்பால் போர் மூண்டு, பர்மா நாட்டில் பிழைக்கப் போனவரெல்லாம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்துகொண்டிருந்தனர். இங்கோ தறியோசை தாலாட்டாகி, ஊரே உறக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் மயங்கிக் கிடந்தது. மிகையென்று தள்ளிவிடாதீர், அன்புடையீர். அங்கு அரை நாழிகை நின்றிருந்தால் நீங்களும் கண்ணயர்ந்திருப்பீர்கள்.

அத்தெருவின் நீண்ட கூடம் ஒன்றில் லிங்கம்மாள் தறியில் அமர்ந்து, அந்நெசவாளர்களின் குலதெய்வமான சௌடம்மனின் விழாவுக்குரிய வெள்ளாடையை நெய்துகொண்டிருந்தாள். அவ்வாடையைக் கணவன் உயிரோடுள்ள பெண்ணே நெய்ய வேண்டும், அதில் கறைபட்டால் அறுத்தெறிந்து மீண்டும் தொடங்க வேண்டும் என்பது அவர்கள் குலவழக்கம். அவள் கணவன் சௌடையா இரங்கூன் துணிக்கடை ஒன்றில் பணிபுரிந்தவன். கடைசிக் கப்பலில் எப்படியும் ஏறிவிடுவேன் என்று எழுதிய மடலுக்குப் பின் அவனிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை.

சில நாள்களுக்கு முன் விடியலில், தறியில் நீளவாட்டில் கட்டிய வெண்ணிறப் பாவு நூலின்மேல் எள்ளளவு கறையொன்றைக் கண்டாள். ஊடுநூலைச் சுமந்து இருபுறமும் ஓடும் நாடாவிலிருந்து எண்ணெய் சிந்திவிட்டதென்று எண்ணி, பூந்திக்கொட்டை நுரையால் தேய்த்தாள், கறை போகவில்லை. மேலும் தேய்க்கையில் அது அவள் விரல்மேலேயே ஏறி அமர்ந்தது. கீழைக் கதவில் ஆணி உதிர்ந்த துளை வழியே நுழைந்த ஒளி, இருபதடி கடந்து வந்து பாவின்மேல் வட்டமாய் விழுந்திருந்தது. கறை அவ்வட்டத்துக்குள் இருந்தது. கதவில் இன்னொரு துளையிட்டாள். இரண்டாம் வட்டத்திலும் அதே இடத்தில் அதே கறை. அப்படியானால் அது பாவிலும் இல்லை, துளையிலும் இல்லை, ஒளி அனுப்பும் கதிரவனிலேயே இருந்தது. கதிரவனுக்கே அழுக்கு வெளுக்கப் புறப்பட்ட தன் பேதைமையை எண்ணி அவள் தனியே சிரித்துக்கொண்டாள்.

அன்று முதல், பாவுக்கு இறங்குமுன் ஒளிவட்டம் விழும் சுவரில், தன் வளையலை அச்சாக வைத்துக் கரியால் வட்டம் வரைந்து, கறை நிற்கும் இடத்தை நாள்தோறும் ஒரு புள்ளியால் குறித்துவந்தாள். எட்டு நாளில் எட்டுப் புள்ளிகள் ஓரம் நோக்கி நகர்ந்தன.

அந்தக் கறை யாதென்று நாம் அறிவோம், அவள் அறியாள். கதிரவனின் காந்த இழைகள் முறுக்கேறி முறுக்கேறிச் சுருண்ட இடம் அது. அளவு மீறி முறுக்கிய நூல் அறுவது போல அவ்விழைகள் அறுந்து சேர்கையில், எரிவளி வெடித்துக் கிளம்புகிறது. அதன் முன்னே விரையும் அதிர்ச்சியலை, மின்னேறிய நுண்துகள்களை நாடாவைப் போல் இருபுறமும் மாறிமாறி அடித்து, அடிக்கு அடி விரைவேற்றி வெளியெங்கும் வீசுகிறது. வெடிப்பின் கண்காணாக் கதிரொளியோ எட்டு மணித்துளியில் மண்ணுலகை எட்டி, மேல்வளியை மின்னேற்றிச் சிற்றலை வானொலியை விழுங்கிவிடுகிறது. அத்துகள்களின் வருகையை அந்த மாசியில் தொலைநாட்டுக் கருவிகள் சில வரைந்துவைத்தன; அவை கதிரவன் அனுப்பியவை என்று உரைக்க அறிஞர்க்கு நான்காண்டு பிடித்தது.

அவள் ஏழாம் புள்ளி வைத்த அன்று, மறுநாட் காலை பத்து மணிக்கு, கடைசிக் கப்பலில் கரை சேர்ந்தோர் பெயர்களை வடபுலத்துச் சிற்றலை வானொலி நிலையமொன்று வாசிக்குமென்று தெரியவந்தது. சௌடையாவின் தமையன் சௌடப்பனும் குலப்பெரியோரும் கூடி முடிவுசெய்தனர்: பெயர் வராவிடில் அவன் இறந்தான் என்று கொள்வது, அன்று மாலையே லிங்கம்மாளின் வளையல்களை உடைத்து, வெள்ளாடையை வேறொருத்தியிடம் ஒப்படைப்பது. அவளிடம் எவரும் கேட்கவில்லை.

ஊர் வணிகர் ஒருவர் வீட்டு வானொலியை, அதைப் பேணிவந்த தங்கசாமி திருப்பினார். பெயர்கள் வந்தன; பதினொன்றாம் பெயரின் நடுவில் குரல் தேய்ந்தது, பின் இரைச்சலும் அடங்கியது. கருவி பழுதில்லை என்று அவர் தலையிலடித்துச் சொல்லியும் பயனில்லை. அம்மனே வாயடைத்துவிட்டாள், இதைவிட என்ன குறி வேண்டும் என்று பெரியோர் எழுந்தனர். லிங்கம்மாள் சௌடப்பனைச் சுவரில் வரைந்த கரிவட்டத்தின் முன் அழைத்துச்சென்று நிறுத்தினாள். கணவனின் தமையனைப் பாவா என்பது அவர்கள் வழக்கம்.

"பாவா, அவுக பேரு இல்லைன்னு யாரு காதுல விழுந்துச்சு? கறை நடுவுல நின்ன அன்னைக்குச் சாயங்காலமும் ரேடியோ இப்படித்தான் அடங்குச்சுன்னு தங்கசாமி அண்ணாச்சி சொல்றாரு. சத்தத்தைத் தின்னது சூரியன். நாளைக்கு விடிய வந்து பாருங்க, இந்தக் கறை ஓரம் தாண்டிப் போயிருக்கும். போகலைன்னா நானே வளையலைக் கழட்டித் தாரேன்."

அன்று மாலைச் சடங்கை நிறுத்திவைத்து, மறுநாள் விடியலில் சௌடப்பன் வந்தார். வட்டம் பாவின்மேல் விழுந்தது, அவள் சொன்னபடியே அதில் கறையில்லை. வானொலி அடங்கியதும் அம்மன் குறியல்ல என்று தேறி, சேதி வரும்வரை இவள் மேல் எவரும் கைவைக்கக் கூடாதென்று தெருவெங்கும் சொல்லிச் சென்றார். பங்குனியில் அம்மன் லிங்கம்மாள் நெய்த ஆடையையே உடுத்தினாள்.

ஆனித் திங்களில் ஒருநாள் நண்பகல், எலும்பும் தோலுமாய் ஒருவன் தறிக்கூடத்து வாயிலைப் பற்றிக்கொண்டு நின்றான். சௌடையாவை அடையாளம் காண அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. கஞ்சி குடித்துக் களைப்பாறியபின், கப்பலில் எப்படி வந்தீர்கள் என்று கேட்டாள்.

"கப்பல்ல எடம் எங்க கெடைச்சது?" என்றான் அவன். "மலையும் காடுமா நடந்தே வந்தேன்."

அவள் கையிலிருந்த செம்பு நழுவியது. அந்தப் பட்டியலில் அவன் பெயர் இருந்ததே இல்லை. அன்று வானொலி தெளிவாகப் பேசியிருந்தால், அவள் நோற்றுக் காத்திருந்த அக்குரல் அவன் பெயரின்றியே முடிந்திருக்கும். அந்தியில் வளையல்கள் உடைந்திருக்கும். ஒன்பது கோடிக் கல் தொலைவுக்கு அப்பால், எவரையும் அறியாமல் எரிகின்ற ஒன்று, அருப்புக்கோட்டையில் ஒருத்தியின் கைவளையைக் காத்துப் போயிற்று. அவள் எழுந்து சென்று, மங்கிக்கிடந்த கரிவட்டத்தின்மேல் வளையலைக் கழற்றி வைத்துப் பார்த்தாள், பொருந்தியது. பின் அதை எடுத்துத் தன் கையில் மாட்டிக்கொண்டு, கணவனுக்கு இன்னொரு செம்பு நீர் கொண்டுவரப் போனாள்.