எண் போடாத மனு

விதவை ஓய்வூதிய மனுக்களை முப்பது நாளில் முடிக்காத அலுவலகத்தின் பெயர், தலைமையிடத்துத் திரையில் சிவப்பாகத் தெரியும். இந்த விதியை எழுதியவர் தில்லி லோதி ரோடு அலுவலகம் ஒன்றின் பிரிவு அதிகாரி வசுமதி. மனுக்கள் வருடக்கணக்கில் தூங்குவதைப் பார்த்து மனம் நொந்துதான் எழுதினார். இரண்டே ஆண்டுகளில் சிவப்பு ஏறக்குறைய மறைந்தது. கிழக்கு தில்லியில் ஓர் அலுவலகம் நூற்றுக்கு நூறை எட்டியது. அதை விருதுக்குச் சிபாரிசு செய்யுமுன் நேரில் பார்த்துவரப் போனார்.

கவுண்டருக்கு வெளியே ஒரு பெண் பாலிதீன் பையோடு நின்று, போனில் தமிழில் பேசிக்கொண்டிருந்தார். வசுமதி அருகில் போய் விசாரித்தார்.

“மரகதம்னு பேரும்மா. சேலம் பக்கம். வீட்டுக்காரர் போயி ஒன்றரை வருஷமாச்சு. இதோட ஏழு தடவை வந்துட்டேன். மனுவ வாங்கிப் பாக்கிறாங்க, திரும்பக் கையிலயே குடுத்துடறாங்க.”

“பதிவு எண் குடுத்தாங்களா?”

“அப்படி ஒண்ணும் குடுக்கலியே.”

உள்ளே இருந்தவர் மதன், தில்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், ஒப்பந்த ஊழியர். இந்த மனுவை ஏன் பதியவில்லை என்று வசுமதி கேட்டதும் தயங்கினார்.

“இறப்புச் சான்றிதழ்ல புருஷன் பேர் தப்பா இருக்கு மேடம். திருத்தவே ரெண்டு மாசம் ஆகும். நம்பர் போட்டா அன்னிலேர்ந்து நாள் ஓட ஆரம்பிச்சிடும். சிவப்பு விழுந்தா என் கான்ட்ராக்ட் போச்சு. அதான், ஜல்தி முடியறதுக்கு மட்டும் நம்பர் போடுவோம். மத்தவங்களைச் சரி பண்ணிட்டு வரச் சொல்லிடுவோம்.”

“அப்படி எத்தனை பேர்?”

“யாருக்குத் தெரியும்? இந்த ரூலைப் போட்டவங்க இங்க ஒரு நாள் உக்காந்து பாத்திருக்கணும்.”

“நான்தான் போட்டேன்,” என்றார் வசுமதி.

மதன் சட்டென்று எழுந்து நின்றார்.

“உங்களைக் குத்தம் சொல்லலை. இதுக்கு நம்பர் போடுங்க. என் உத்தரவுன்னு எழுதித் தர்றேன்.”

மதன் போட்டார். மரகதம் எண் எழுதிய சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

வசுமதி விருதுச் சிபாரிசை எழுதவில்லை. மனு கைக்கு வந்ததுமே ரசீது தர வேண்டும், திருத்தத்துக்கு ஆகும் நாட்களை முப்பது நாளில் சேர்க்காமல் தனியாகக் கணக்கு வைக்க வேண்டும் என்று குறிப்பு எழுதினார். மேலதிகாரி பத்மநாபன் அதை இரண்டு முறை படித்தார்.

“நீங்க சொல்றது நிஜம்தான். ஆனா சதவீதம் விழுந்தா, திட்டமே சரியில்லைன்னு நிதியைக் குறைச்சிடுவாங்க. இப்போ பென்ஷன் வாங்கறவங்களுக்கும் கஷ்டம்.”

“வாங்காதவங்க யாருன்னே நமக்குத் தெரியலையே, சார்.”

அவர் பெருமூச்சு விட்டுக் கையெழுத்திட்டார்.

விதி மாற எட்டு மாதம் ஆனது. மாறிய இரண்டாம் மாதமே, நூறை எட்டியிருந்த அந்த அலுவலகத்தின் சதவீதம் நாற்பத்தொன்றுக்கு விழுந்தது. நிர்வாகம் சீர்குலைந்துவிட்டதாக ஒரு பத்திரிகை எழுதியது. அதே ஆட்களிடம் பதிவாகும் மனுக்கள் மூன்று மடங்கானதை யாரும் எழுதவில்லை. மரகதத்துக்கு ஓய்வூதியம் வந்தது, பதிந்த மாதத்திலிருந்து மட்டும். மதன் பயந்ததுபோல், மரகதத்தின் மனு முப்பது நாளைத் தாண்டியதும் சிவப்பு விழுந்து, விதி மாறுமுன்பே மதனுடைய ஒப்பந்தம் பறிபோயிருந்தது. அவருக்காக வசுமதி எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை.

மன்னிப்புக் கேட்க அவருக்குப் போன் செய்தார்.

“விடுங்க மேடம். ஐ.என்.ஏ. மார்க்கெட்ல ஒரு மளிகைக் கடையில சேந்துட்டேன்.” பிறகு தயங்கிச் சொன்னார்: “நான் திருப்பி அனுப்பினவங்கள்ல ரெண்டு பேர் வீடு தெரியும். இப்ப மனுவைப் பதியறாங்கன்னு போய்ச் சொல்லலாமா?”

ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனார்கள். முதல் வீட்டுப் பெண் மறுநாளே மனுவோடு அலுவலகத்துக்கு வருவதாகச் சொன்னார். இரண்டாவது வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். முன்பு இருந்தவர் எங்கே போனார் என்று அந்தச் சந்தில் யாருக்கும் தெரியவில்லை.