பக்கவாசலுக்கு சென்சார்

நிஸ்வாவில் நான் வேலை பார்க்கும் கடையில் திருட்டுத்தடுப்புக் கருவிகள் விற்கிறோம். நான் பௌதிகம் படித்தவள். கருவிகளைச் சோதித்துப் பெட்டியில் வைப்பேன். யார் வீட்டுக்கும் போய்ப் பொருத்தியதில்லை. பக்கத்து ஊரான பஹ்லாவின் ஒரு வீட்டிலிருந்து அழைப்பு வந்தபோது என்னைத்தான் அனுப்பினார்கள். அந்த வீட்டு ஸுவைனா இத்தாவில் இருந்தார். கணவர் இறந்து இரண்டு மாதம். இன்னும் இரண்டு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்கள் அவர் முன் வரக்கூடாது.

கணவரின் தம்பி கல்ஃபான், விருந்தினர் அமரும் முன்பக்க மஜ்லிஸில் உட்கார்ந்திருந்தார். போன வாரம் யாரோ அதன் ஜன்னலை நெம்பிப் பார்த்திருக்கிறார்கள்.

"மஜ்லிஸ் ஜன்னல், முன்கதவு, பக்கவாசல். எது தொறந்தாலும் என் ஃபோனுக்கு வரணும்," என்றார்.

முன்பக்கம் முடித்துவிட்டுப் பக்கவாசலுக்கு வந்தேன். அது தாழிடாமலே கிடந்தது. ஏணியில் நின்று துளை போட்ட சிறிது நேரத்தில் நான்கு பெண்கள் அதன் வழியே வந்து உள்ளே ஸுவைனாவோடு உட்கார்ந்தார்கள். அடுத்த வீட்டு ரய்யா காப்பி ஃபிளாஸ்க்கோடு வந்தார்.

"ஏம்மா, கல்யாணம் ஆயிடுச்சா, இல்ல ஏணியோடயே குடித்தனமா?"

கையிலிருந்த காந்தத் துண்டைக் காட்டினேன். கதவு விலகினால் காந்தம் விலகும், உடனே செய்தி போகும் என்றேன்.

"நாங்க வர்றப்பல்லாமா?"

"ஆமா. யாருன்னு தெரியாது. தொறந்தது மட்டும் தெரியும்."

"நான் எத்தனை தடவ வெளிய போறேன்னு என் புருஷனே எண்றதில்ல. இந்தக் கல்ஃபான் எண்ணப் போறாரா?"

மற்ற பெண்கள் சிரித்தார்கள். ரய்யா சிரிக்கவில்லை. ஃபிளாஸ்க்கை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். சிரித்தவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

ஸுவைனா அந்த ஃபிளாஸ்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவங்க வரலன்னா எனக்குப் பேச்சுத்துணையே இல்ல மகளே. நான் கல்ஃபான்கிட்டப் பேச முடியாது. இந்த வாசலுக்கு வேண்டாம்னு நீ சொல்லு."

மஜ்லிஸ் வாசலில் நின்றேன். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"அந்தக் கதவு ஒரு நாளைக்கு நாப்பது தடவ தொறக்குது, சாச்சா. ஃபோனும் நாப்பது தடவ அடிக்கும். நாலாம் நாள் நீங்க பாக்க மாட்டீங்க. திருடன் வர்ற அன்னைக்கும் பாக்க மாட்டீங்க."

அவர் ஃபோனைக் கீழே வைத்தார்.

"திருடனுக்காக மட்டும் கேக்கல. அண்ணன் போறப்ப, அவளப் பாத்துக்கோன்னான். எங்க பாக்கறது? முகம் பாக்க முடியாது, குரல் கேக்க முடியாது. பக்கத்து வீட்டுப் பொம்பளைங்ககிட்ட தினம் போய் விசாரிக்க முடியுமா? கதவு தொறந்துச்சுன்னா, அண்ணி எழுந்துட்டாங்கன்னு ஒரு நிம்மதி. எண்றதுக்கில்லம்மா."

உள்ளே போய் ஒரு சொல் விடாமல் சொன்னேன். ஸுவைனா எழுந்து தன் அறைக்கு என்னைக் கூட்டிப்போனார். கட்டிலுக்கு எதிரே ஒரு சிறிய ஜன்னல்.

"விடியக்காலைல சுபுஹு தொழுதுட்டு இதைத்தான் மொதல்ல தொறப்பேன். இதுக்குப் போடு. பக்கவாசலுக்கு வேண்டாம்."

"இதுக்குக் கம்பி இருக்கேம்மா. திருடன் வர முடியாது."

"கல்ஃபானுக்காகப் போடறேன். தினம் ஒரு தடவ, அவ்வளவுதான். இத்தா முடிஞ்சதும் கழட்டிடணும். அதையும் சொல்லிடு."

பொருத்தினேன். ஒரு நாளில் முதல் தடவை திறப்பதற்கு மட்டும் செய்தி போகுமாறு வைத்தேன். சோதிக்கத் திறக்கச் சொன்னேன். அவர் தாழை நீக்கினார். முற்றத்துக்கு அப்பால் மஜ்லிஸில் ஃபோன் ஒலித்தது. ஒலி நின்ற பிறகும் ஸுவைனா ஜன்னலைச் சாத்தவில்லை.

நான் மஜ்லிஸுக்குப் போனபோது கல்ஃபான் ஃபோனை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கழற்றுவதையும்.

"சரி," என்றார். "கழட்டறதுக்கும் நீயே வா. வேற யாரும் உள்ள போக வேண்டாம்."

பக்கவாசலில் போட்ட துளை இரண்டையும் அடைத்துவிட்டு, அந்த வாசல் பழையபடிதான் என்று சொல்ல ரய்யாவின் வீட்டுக் கதவைத் தட்டப் போனேன்.