சிவப்பு: ஆம் / இல்லை

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். படிவம் ஒன்றில் நான் போட்ட தப்பான டிக்கிலிருந்து வந்த கதை இது. ஆஸ்திரேலியாவில், பண்டபெர்க் பக்கம் ஒரு தக்காளிப் பண்ணையில் முதலுதவிப் பெட்டிக்குப் பொறுப்பு நான்தான். வெயிலில் தோல் வெந்து வருகிறவர்களுக்கென்று ஒரு படிவம் உண்டு. முதல் கேள்வி: 'தோல் சிவந்திருக்கிறதா?' 'ஆம்' என்றால் இரண்டு நாள் கொட்டகை நிழலில் தரம்பிரிக்கும் வேலை. 'இல்லை' என்றால் திரும்பவும் வெயிலுக்கு.

2

தொடக்கம் எழுதிப் பார்த்தேன்:

"கல்சாவின் தோள் செக்கச்செவேலென்று..."

(சிவக்கவேயில்லை. கல்சாவ் பருவ வேலைக்கு வந்த வனுவாட்டுத் தீவுக்காரன், நல்ல கறுப்பு. வெந்த தோல் என்றதும் பேனா தானாகச் சிவப்புக்கு ஓடுகிறது. யார் பழக்கிவிட்டார்கள் இதை?)

"வெயிலிலேயே பிறந்து வளர்ந்தவனை வெயில் என்ன..."

(போதும். இது மேஸ்திரி கிரெய்க் பேசுகிற பேச்சு.)

3

நடந்தது இதுதான். சன்ஸ்கிரீன் பாட்டிலை கிரெய்க் தன் வண்டியிலேயே வைத்திருப்பார். வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குப் பிதுக்கிப் பிதுக்கிக் கொடுப்பார். கல்சாவும் கையை நீட்டினான்.

"உனக்கு எதுக்குப்பா? அதான் ஆண்டவனே பூசி அனுப்பியிருக்கானே!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.*

மறுநாள் பதினொரு மணிக்குக் கல்சாவ் என் கொட்டகை வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, தோள்ல பனியன் பட்டாலே உயிர் போவுது. ராத்திரி மல்லாந்து படுக்க முடியல."

எட்டிப் பார்த்தேன். சிவப்பில்லை. 'இல்லை' என்று டிக் போட்டேன்.

"தண்ணி குடிச்சிட்டுப் போ தம்பி."

"நீயுமாக்கா?"

மாட்டேன் என்று அவனால் சொல்ல முடியாது. சொன்னால் அடுத்த பருவத்துப் பட்டியலில் பெயர் இருக்காது. போனான். மறுநாள் காலை தோள் முழுக்கக் கொப்புளம்.

* என் பூட்டனார் இங்கே கரும்பு வெட்டக் கொண்டுவரப்பட்ட தீவுக்காரர். எனக்கும் அதே தோல்தான். அப்படியிருந்தும் சிரித்தேனே, வெட்கங்கெட்டவள்!

4

கறுத்த தோலும் வேகும். சிவப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகலாம், ஆனால் சூடு இருக்கும், இறுக்கம் இருக்கும், வலி இருக்கும். குளிர்ந்த தண்ணீர், ஈரத்துணி, தளர்ந்த சட்டை, நிழல். ஐஸ் வைக்கக் கூடாது, கொப்புளத்தை உடைக்கக் கூடாது. இதற்கு டாக்டர் படிப்பா வேண்டும்? அந்த ஈரத்துணியைக்கூட நான் ஒரு நாள் தாமதமாகத்தான் போட்டேன்.

நேற்றுப் போட்ட டிக்கைக் கோடு கிழித்து அடித்துவிட்டு, பக்கத்தில் 'சூடு, வலி, கொப்புளம்' என்று எழுதி கிரெய்கிடம் கொண்டுபோனேன்.

"படிவத்துல கிறுக்காதம்மா. சிவந்துச்சா, இல்லியா? அதான் கேள்வி."

"கொப்புளம் கொப்புளமா நிக்குது, கண்ணு அவிஞ்சா போச்சு உங்களுக்கு?"

"சிவந்துச்சா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் படிவத்தை அவர் முகத்திலேயே...

(இல்லை, எறியவில்லை. எறிந்ததாக எழுத ஆசையாக இருக்கிறது, அவ்வளவுதான்.)

5

முடிவு ஒன்று: கிரெய்க் மன்னிப்புக் கேட்கிறார். (பச்சைப் பொய். கிழித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: கல்சாவ் என்னை மன்னிக்கிறான். (அதை எழுத நான் யார்?)

அடுத்த பருவத்துப் பட்டியல் இன்னும் வரவில்லை. அதனால் முடிவு என்னிடம் இல்லை. என்னிடம் இருப்பது அந்தப் பதினொரு மணி மட்டும்தான். அதை உங்களிடம் தருகிறேன். கல்சாவ் வாசலில் நிற்கிறான். கொப்புளம் இன்னும் கிளம்பவில்லை. படிவம் உங்கள் மேசைமேல் இருக்கிறது.

பேனாவை அப்புறம் எடுங்கள். முதலில் எழுந்து போய், புறங்கையை அவன் தோளில் மெல்ல வைத்துச் சூடு பாருங்கள்.