ஞாயிற்றுக்கிழமை கண்மாயில் குளித்தவர்

வாப்பாவின் உடலைக் குளிப்பாட்டும் இடத்திலிருந்து மஸ்தான் ஈரக் கையோடு வெளியே வந்தான். முற்றத்து நிலையில் சாய்ந்திருந்த கூடப்பிறந்தவள் ஜரினாவிடம் உள்ளங்கையை விரித்துக் காட்டினான். கறுப்பாக, ஒரு சிட்டிகை மண்.

"வாப்பா கால் நகத்துல இருந்து எடுத்தேன். விரலிடுக்கெல்லாம் கரிசல். மூணு மாசமாக் கட்டில்ல கெடந்தவுகளுக்கு இது எங்கயிருந்து வந்துச்சு?"

ஜரினாவுக்குத் தெரியவில்லை. அவள் கழுகுமலையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மஸ்தானும் அப்படித்தான். சனிக்கிழமை கடைக்குச் சரக்கெடுக்க மதுரைக்குப் போனவன், திங்கட்கிழமை காலை ரயிலில் கோவில்பட்டிக்குத் திரும்பியபோது வீட்டு வாசலில் கூட்டம் நின்றிருந்தது. விடிகாலை சுபுஹுக்குப் பாங்கு சொல்லி முடிவதற்குள் வாப்பா மைதீன் மௌத்தாகியிருந்தார்.

ஜரினாவின் பிள்ளைகள் இரண்டும் இங்கேதான் இருந்தன. எட்டு வயது ரஹிமாவும் ஐந்து வயது பீரும். பெத்தாப்பாவைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்ததால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரரோடு பஸ் ஏற்றி அனுப்பியிருந்தாள். பெத்தாப்பாவை எழுப்பக் கூடாது, மேலே ஏறி விளையாடக் கூடாது என்று ஆயிரம் முறை சொல்லித்தான் அனுப்பினாள். இருதயம் வீங்கிப்போயிருக்கிறது, கக்கூசுக்குப் போவதைத் தவிர எழுந்து நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாப்பா இரண்டு தரம் யாருக்கும் தெரியாமல் தன்னுடைய கயிற்றுக்கடைக்கு நடந்து போய்விட்டார். அதன் பிறகு மஸ்தான் அவருடைய செருப்பை எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டான்.

அவன் இப்போது உள்ளறைக்குப் போனான். ஜரினாவும் பின்னாலேயே போனாள். உம்மா நபீசா சுவரோரம் பாயில் உட்கார்ந்து, மடியில் படுத்திருந்த பீருக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். மஸ்தான் நீட்டிய கையை ஒரு தரம் பார்த்தாள். வெட்டுவதை நிறுத்தவில்லை.

"நாந்தான் கூட்டிட்டுப் போனேன்" என்றாள்.

பிறகு எதையும் மறைக்காமல் சொன்னாள். வெள்ளிக்கிழமை ராத்திரி பெய்த மழையில் தெருவெல்லாம் மண்வாசம். சனிக்கிழமை காலை மஸ்தான் கிளம்பிப் போன பிறகு பீர் கட்டிலருகே நின்று, நம்ம கடைக் கயிற்றைக் கட்டின மாட்டையெல்லாம் எங்கே போய்ப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறான். வாப்பா மனைவியைப் பார்த்தார். விதைப்பு ஆரம்பித்திருக்கும், வேல்சாமி காட்டுக்குப் போய்விட்டு வருவோமா என்று கேட்டார். உம்மா அடுப்பிலிருந்த பாலை இறக்கி வைத்தாள். வேறு சேலை கட்டினாள். வீட்டைப் பூட்டினாள். பரணில் ஏறிச் செருப்பை எடுக்க இரண்டு பேருக்கும் தெம்பில்லை. அவர் வெறுங்காலோடு நடந்தார். நாலு பேரும் நாகலாபுரம் பஸ்ஸில் ஏறினார்கள்.

வேல்சாமி எட்டயபுரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் விவசாயம் பார்க்கும் சம்சாரி. முப்பது வருஷமாக மூக்கணாங்கயிறும் வண்டிக்கயிறும் மைதீன் கடையில்தான் வாங்குவார். பஸ்ஸிலிருந்து இறங்கிய மைதீனைப் பார்த்ததும் பதறிப்போய் வண்டி பூட்டி வந்து ஏற்றிக்கொண்டார். காட்டில் பருத்தி விதைப்பு நடந்தது. கொஞ்ச நேரம் வண்டியில் இருந்த மைதீன் பிறகு இறங்கிவிட்டார். பிள்ளைகள் காலில் கரிசல் அப்பி அப்பி பூட்ஸ் மாதிரி கனத்தது. அவர் காலிலும்தான். மூன்று பேரும் யார் கால் பெரிது என்று அளந்து பார்த்தார்கள். ராத்திரி வேல்சாமி வீட்டிலேயே தங்கினார்கள். வேல்சாமியின் மனைவி வேலுத்தாய் கிண்டிப்போட்ட கம்பங்களியை மொச்சைக் குழம்பில் தொட்டு மைதீன் இரண்டு உருண்டை சாப்பிட்டார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, வீடு திரும்புவதற்கு முன்னால், கண்மாய்க்குப் புதுத்தண்ணீர் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு அங்கே போனார்கள்.

"தண்ணியிலயா எறங்குனாவ?" என்றான் மஸ்தான்.

"இடுப்பளவு தண்ணி. நானுந்தான் எறங்குனேன்."

ரஹிமா அதுவரை கதவோரம் சும்மா நின்றிருந்தாள். ஜரினாவின் கையைப் பிடித்து, பெத்தும்மா சேலையோடு தண்ணீருக்குள் விழுந்துவிட்டாள், பெத்தாப்பா தூக்கிவிடாமல் சிரித்துக்கொண்டே நின்றார் என்று ரகசியம் போலச் சொன்னாள். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மௌத்து வீடு என்று நினைவு வந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

உம்மாவைத் திறந்த வெளியில் குளித்தவளாக ஜரினாவால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கல்யாணமாகி நாற்பது வருஷத்தில் பஸ் ஸ்டாண்டுக்குக்கூடத் தனியாகப் போகாதவள். ஜரினாவுக்குக் கோபம் வந்தது. வாப்பா இன்னும் ஒரு வருஷம், இரண்டு வருஷம் இருந்திருப்பாரே என்று நினைத்தாள். தன்னைக் கேட்டிருந்தால் விட்டிருக்க மாட்டேன் என்றும் நினைத்தாள். அதனால்தான் கேட்கவில்லை என்பதும் புரிந்தது.

"வெளிய யார்ட்டயும் சொல்லாத. படுக்கையிலயே கெடந்து போயிட்டாவன்னு சொல்லுவோம். பொண்டாட்டியே கொன்னுட்டான்னு ஊரு பேசும்" என்றான் மஸ்தான்.

உம்மா பீரின் அடுத்த கையை எடுத்துக்கொண்டாள்.

கபன் துணி உடுத்திக் கிடத்தியதும் பெண்கள் முகம் பார்த்தார்கள். வாப்பாவின் அக்கா தௌலத் பேகம் அழுதுகொண்டே, தம்பியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் போனதே என்று சொன்னாள். சொல்லும்போது உம்மாவைத்தான் பார்த்தாள். அதற்குள் விஷயம் எப்படியோ கசிந்திருந்தது. உம்மா குனிந்து வாப்பாவின் நெற்றியில் கை வைத்தாள். 

முன்னறையில் ஜமாஅத் பெரியவர் மஸ்தானிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். ரொம்ப நாளாகப் படுக்கைதானே, எழுந்து நடமாட்டமே இல்லையே என்று கேட்டார். மஸ்தான் ஆமாம் என்று தலையாட்டினான். அப்போதுதான் வேல்சாமி தெருவில் வந்து நின்றார். சேதி கேட்டு வண்டியை விரட்டிக்கொண்டு வந்திருந்தார். துண்டை இடுப்பில் கட்டியபடி, உள்ளே வரலாமா என்று தெரியாமல் தலை குனிந்து நின்றார். மஸ்தான் அவரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

உம்மா உள்ளறை வாசலுக்கு வந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டாள். அத்தனை ஆண்களுக்கு முன்னால் அவள் குரல் எழுந்ததை ஜரினா அதுவரை கேட்டதில்லை.

"படுக்கையிலயே கெடந்து போகல. நேத்து மத்தியானம் அவிய கண்மாய்ல குளிச்சாவ. பேரன் பேத்தியோட குளிச்சாவ. பஸ்ஸுல வரும்போது ரெண்டு பிள்ளையும் அவிய மடியிலதான் தூங்குச்சு. கூட்டிட்டுப் போனது நானு. கேக்குதவங்க என்னையக் கேளுங்க."

 அவள் தெருவாசலைப் பார்த்தாள்.

"வேல்சாமி அண்ணாச்சி, நீங்க ஏன் தலையக் குனியுதீங்க? உள்ள வாங்க. அவிய மொகத்தப் பாத்துட்டுப் போங்க."

பெரியவர் ஒதுங்கி வழிவிட்டார். வேல்சாமி உள்ளே வந்து கால்மாட்டில் நின்று இரண்டு கையையும் கூப்பினார்.

மத்தியான லுஹர் தொழுகை முடிந்ததும் சந்தூக்கைத் தூக்கினார்கள். மஸ்தான் முன்பக்கம் தோள் கொடுத்தான். தெருமுனையில் அவன் திரும்பி, பின்னால் ஒதுங்கி நடந்து வந்த வேல்சாமியைக் கண்ணால் கூப்பிட்டான். அவர் ஓடிவந்து தோள் மாற்றிக்கொண்டதை ஜரினா ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

பிற்பகல் முழுக்கப் பெண்கள் வந்து போனார்கள். உம்மா வெள்ளைச் சேலையில் உள்ளறையில் உட்கார்ந்திருந்தாள். இனி நாலு மாதம் பத்து நாள் இத்தா, வெளியே வராமல் அறைக்குள்தான் இருக்க வேண்டும். தௌலத் பேகம் ஒரு பழைய போர்வையைக் கொண்டுவந்து அறை வாசலில் திரையாகக் கட்டினாள். பிள்ளைகளைச் சத்தம் போடாமல் இருக்கச் சொல்லி இரண்டு தரம் அதட்டினாள்.

ஜரினா சாப்பாட்டுத் தட்டோடு உள்ளே போனபோது உம்மா கேட்டாள்.

"அடுத்த வெள்ளிக்கிழமையும் பிள்ளைகள அனுப்புதியா?"

ஜரினா தட்டை வைத்தாள். சோற்றில் குழம்பை ஊற்றினாள். உம்மா முதல் கவளத்தை எடுத்து வாயில் வைத்து மென்றாள். அப்போதுதான் அவள் கண்ணிலிருந்து நீர் இறங்கியது. துடைக்காமல் சாப்பிட்டாள்.

வெளியே சடசடவென்று மழை விழுந்தது. ரஹிமாவும் பீரும் முற்றத்தில் இறங்கிவிட்டார்கள். தௌலத் பேகம் யாரையாவது போய்ப் பிடித்து வரச் சொன்னாள். ஜரினா எழுந்து அறை வாசலுக்குப் போனாள். போர்வையின் ஒரு முனையைத் தூக்கி நிலையிலிருந்த ஆணியில் மாட்டினாள். திரும்பி வந்து உம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். இப்போது இரண்டு பேருக்கும் முற்றம் தெரிந்தது. முற்றத்தில் பீர் வாயைத் திறந்து மழையைக் குடித்துக்கொண்டிருந்தான்.