பொய் சொல்லாத முள்

தராசு ரிப்பேர் செய்கிறவனுக்குப் பொய் சொல்லும் முள்ளைக் கண்டால் ஆகவே ஆகாது. கடைத்தெருவில் அவனுக்கு மில்லிகிராம் என்றே பெயர். அப்பேர்ப்பட்டவன் வீட்டுக் காரிலேயே பெட்ரோல் முள் புளுகிக்கொண்டிருந்தது. டேங்கில் ஐந்து லிட்டர் இருக்கும்போதே காலி என்று படுத்துவிடும். காரை ஓட்டுகிற மனைவிக்கு அது பழகிப்போயிருந்தது.

"முள்ளு செத்தாலும் வண்டி சாகாது. அதை மட்டும் தொடாதீங்க," என்பாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வண்டியை அழகுபடுத்துகிறேன் என்று டாஷ்போர்டைக் கழற்றிச் சாப்பாட்டு மேசையில் பரப்பினான். கறுப்பு டயல்களுக்குப் பதில் வெள்ளை டயல். கதவுப் பட்டைகளுக்கு மரக்கலர் ஸ்டிக்கர். ஸ்பூன் காம்பால் முட்களை நெம்பி எடுத்தவன், திரும்பச் செருகும்போது கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா? இருந்தால் அவன் மில்லிகிராம் இல்லையே! டேங்கை வடித்து, லிட்டர் லிட்டராக ஊற்றிப் பார்த்து, பெட்ரோல் முள்ளைத் துல்லியமாக நிறுத்திவிட்டான். வடித்ததில் மீதி கேனிலேயே இருக்க, டேங்கில் மிஞ்சியது ஒரு லிட்டர்.

சாயங்காலம் அவள் வந்து பார்த்து வாயில் கை வைத்தாள்.

"அட, நம்ம வண்டியா இது! முள்ளை நோண்டலையே?"

"சேச்சே," என்றான். சிரித்துக்கொண்டிருக்கிறவளிடம் எதற்கு வம்பு, காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

காலையில் அவன் குளித்துக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து அவள் தம்பி போன் செய்தான். ஒன்பது மணிக்கு அப்பாவுக்கு ஆபரேஷன், அதற்குமுன் அக்காவைப் பார்க்க வேண்டும் என்கிறாராம். இவனைக் கட்டிக்கொண்ட பாவத்துக்குப் பதினோரு வருஷம் மகளோடு பேசாத மனுஷர்!

"ஏங்க, அப்பா கூப்பிட்டுட்டாரு!" என்று குளியலறைக் கதவைத் தட்டிவிட்டு ஓடினாள். அவன் துண்டோடு வாசலுக்கு வருவதற்குள் கார் போய்விட்டது. அவள் போன் மேசையிலேயே கிடந்தது. வழியில் பெட்ரோல் போட்டுக்கொள்வாள் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டான்.

அவள் ஏன் போடப் போகிறாள்? முள் காலிக்கு ஒரு மயிரிழை மேலே நின்றது. அவள் அறிந்தவரை அது ஐந்து லிட்டருக்கும் அதிகம். இரண்டு பங்க்கைத் தாண்டினாள். பாலத்தின் நடுவில் வண்டி நின்றது. ஓடியும், யாரோ ஒருவர் வண்டியில் ஏறியும் அவள் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதே முக்கால். ஆபரேஷன் அறையிலிருந்து அப்பா உயிரோடு திரும்பவில்லை.

நாலு நாள் கழித்து அடுப்படியில் நின்றுகொண்டு கேட்டாள்.

"முள்ளைத் தொட்டீங்களா?"

"தொட்டேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல."

கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

"சொல்லாதது என் தப்புதான். நான் பாவி."

அவள் அடுப்பை அணைத்தாள்.

"உள்ள கொண்டுபோறப்ப அப்பா தம்பிகிட்ட கேட்டாராம். 'அவளுக்கு இன்னும் என்மேல கோவம் தீரலையாடா'ன்னு."

"தம்பி என்ன சொன்னான்?"

"அவனுக்கென்ன தெரியும்? தலையைக் குனிஞ்சுக்கிட்டானாம்."