கூட்ட அறை நாற்காலி

பதினெட்டு வருடமாக ஆஸ்பத்திரி லேபில் மைக்ராஸ்கோப் வைத்து ரத்தம் பார்க்கிறேன். முதுகில்லாத உருண்டை ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு நாளைக்கு எழுபது எண்பது ஸ்லைடு. போன வருடம் இடுப்பில் பிடித்த வலி இடது கால் வரை இறங்கியது. யாரிடமும் சொல்லவில்லை. எழுந்து நிற்க மைக்ராஸ்கோப் வைத்த மேடையைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்து மேலாளரே கண்டுபிடித்தார்.

இனி நோயாளிகள் வரும் ஜன்னலில் நின்று டோக்கன் கொடு என்றார். எனக்கு மைக்ராஸ்கோப்பைத் தவிர வேறு வேலை வேண்டாம் என்றேன். இரண்டு நாள் கழித்து, பெரிய மனது பண்ணி ஒரு நாற்காலி வாங்கிப் போட்டார். கறுப்புத் தோல், ஆழமான மெத்தை, தலைக்கும் ஒரு திண்டு. லேப் முழுக்க வந்து பார்த்தது. ரத்தம் எடுக்கிறவனுக்கு நாங்கள் வைத்த பெயர் ஊசி. அவன் கையைக் கட்டிக்கொண்டு எதிரில் நின்றான்.

"அக்கா, மந்திரி ஆயிட்டீங்க. மனு ஏதாவது குடுக்கட்டுமா?"

உட்கார்ந்ததும் அமிழ்ந்துபோனேன். கண் லென்ஸுக்கு எட்டவில்லை. நுனிக்கு நகர்ந்தேன். அந்த உயர்ந்த சாய்மானம் என் முதுகுக்கு ஒரு முழம் பின்னால் சும்மா நின்றது. ஒரே வாரத்தில் வலி இரண்டு மடங்கானது.

"இவ்வளவு நல்ல நாற்காலியிலயும் வலிக்குதுன்னா, வலி நாற்காலியில இல்லம்மா," என்றார் மேலாளர். திங்கட்கிழமையிலிருந்து ஜன்னல்.

அன்று வீட்டில் நான் வாய் திறக்கவில்லை. வீட்டுக்காரர் எதுவும் கேட்கவில்லை. என் மௌனத்தோடு குடித்தனம் நடத்திப் பழகியவர். யோசிக்க யோசிக்க ஒன்று புரிந்தது. முதுகு தானாக வளைவதில்லை. கண் போகிற இடத்துக்கு அது இழுபட்டுப் போகிறது. எங்கள் மேடைக்கு அடியில் முழுக்க அலமாரி. முழங்கால் உள்ளே போகாது. எந்த நாற்காலியைப் போட்டாலும் உடம்பு தள்ளித்தான் இருக்கும், தலை மட்டும் முன்னால் எட்டும். இத்தனை பேரும் நாற்காலியைப் பார்த்தோம். அலமாரியை ஒருவரும் பார்க்கவில்லை.

சனிக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் கட்டடத்திலிருந்த நாற்காலிகளில் ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்தேன். கேஷியருடைய சக்கரம் வைத்த நாற்காலி வழுக்கிக்கொண்டு போனது. காத்திருப்போர் நாற்காலி பின்னால் சரித்தது. மாதம் ஒரு முறை மட்டும் திறக்கும் கூட்ட அறையில் பன்னிரண்டு நாற்காலிகள். ஒன்றில் உட்கார்ந்தேன். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. இருக்கை கெட்டியாக இருந்தது. அதன் விளிம்பு முழங்காலின் பின்பக்கத்தை அழுத்தவில்லை. இடுப்புக் குழிவில் சாய்மானம் ஒரு கை வைத்துத் தாங்குவதுபோல் பொருந்தியது. அதை லேபுக்குத் தூக்கி வந்தேன்.

அனுமதி இல்லாமல் மைக்ராஸ்கோப்பை நகர்த்தக் கூடாது என்று சுவரில் ஒட்டியிருக்கிறது. நானும் ஊசியும் அதைத் தூக்கி, அடியில் காலியாக இருந்த பழைய இரும்பு மேசைமேல் வைத்தோம். லென்ஸ் கண்ணுக்கு நேராக வரும்வரை கீழே பலகை கொடுத்தோம். அவன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் முதல் ஸ்லைடை எடுத்தேன்.

மேலாளர் வந்தபோது நான்காவது ஸ்லைடில் இருந்தேன். யாரைக் கேட்டுச் செய்தாய் என்றார். யாரையும் கேட்கவில்லை என்றேன். கூட்டத்துக்கு ஒரு நாற்காலி குறையும் என்றார். குறையட்டும் என்றேன்.

"திங்கட்கிழமைக்கு ஆர்டர் போட்டாச்சும்மா."

"ஜன்னலுக்கு வேற ஆளைப் போடுங்க சார். நான் இங்கேருந்து எந்திரிக்கிறதா இல்ல."

அவர் பேசாமல் நின்றார். நானும் பேசவில்லை. அந்த விஷயத்தில் என்னை ஜெயிக்க அவரால் முடியாது. ஐந்தாவது ஸ்லைடை வைத்தேன். ஆறாவதையும் வைத்தேன்.

கடைசியில் அவர்தான் வாயைத் திறந்தார். குழந்தைகள் வார்டு ரிப்போர்ட் எப்போது கிடைக்கும் என்று கேட்டார்.

"பத்து நிமிஷம்," என்றேன், கண்ணை எடுக்காமல்.